நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி

சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் அறுவை அரங்கு பெயர் வாங்குகிறது. வேலை நடப்பது காலை ஓ.பி.யில். நோயாளி அன்றைய மாத்திரையைப் போடாமல் வருவார். முந்தைய இரவு போட்ட, நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று லெவல் பார்த்த பிறகுதான் அடுத்த வேளை. லெவல் கூடினால் கை நடுங்கும், சர்க்கரை ஏறும், காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே மருந்து மெல்லக் கெடுக்கும். குறைந்தால் சில வாரங்களில் கிரியாட்டினின் ஏறும். பயாப்சி எடுத்துப் பார்த்தால் சிறுநீரக நுண்குழாய்களின் சுவருக்குள் லிம்போசைட்டுகள் புகுந்திருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான பாதையில் ஒரு மனிதரை வாழ்நாள் முழுவதும் நடத்திச் செல்வதுதான் எங்கள் தொழில். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு இடையில் நடந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை. அதன் பிறகு அசதியோப்ரின், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் என்று மருந்துகள் மாறின. முதல் ஆண்டுக் கணக்கு வியக்கும்படி உயர்ந்தது. மருந்தை நிறுத்த முடியாது என்ற நிலை மட்டும் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். எங்கள் மருந்துகள் எல்லாம் ஏற்கெனவே வெளியே வந்து உலவுகிற டி செல்களின் மேல் வேலை செய்கின்றன. அவை பிறந்து தேறுகிற தைமஸ் சுரப்பியை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊற்றைத் திரும்பிப் பாராமல் குளத்தை மட்டும் இறைத்துக்கொண்டிருக்கிறோம். மருந்தில்லாமல் ஒரு மாற்று உறுப்பு நிலைத்திருக்க வேண்டுமானால், உறுப்பு தந்தவரின் அடையாளம் பெற்றவரின் தைமஸுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது என் வாதம். அதற்கான சான்றுகள் அறுபது ஆண்டுகளாகக் கண்முன் கிடக்கின்றன.

முதல் சான்று, தைமஸின் பணியை உலகுக்குச் சொன்ன அதே ஆய்வில் இருக்கிறது. லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தில் எலிகளின் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். குட்டிகள் சில வாரம் நன்றாக இருந்துவிட்டு மெலிந்தன, தொற்றுக்குப் பலியாயின, அவற்றின் ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் லிம்போசைட்டுகள் அருகிப்போயிருந்தன. வேறு இனத்துச் சுண்டெலியின் தோலை ஒட்டினால் அது உதிரவில்லை. உயிரின வகையே வேறான ‘ராட்’ எலியின் தோல்கூட ஒட்டிக்கொண்டு முடி வளர்த்தது. 1961இல் ‘லான்செட்’ இதழில் இது வந்தபோது, தைமஸ் ஒரு பயனற்ற எச்சம் என்ற எண்ணம் மருத்துவ உலகில் அவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது; நோபல் பெற்ற பீட்டர் மெடவார்கூட உடனே ஏற்கவில்லை. ஏற்ற பிறகு தொழில் எடுத்துக்கொண்ட பாடமோ பாதிதான்: தைமஸ் இருந்தால் நிராகரிப்பு, இல்லாவிட்டால் ஏற்பு. மில்லர் இன்னொன்றும் செய்திருந்தார். தைமஸ் நீக்கிய குட்டிகளுக்கு வேறு இனத்தின் தைமஸைப் பொருத்தினார். அவற்றுக்கு எதிர்ப்பு சக்தி திரும்பியது. மூன்றாம் இனத்தின் தோலை அவை உதிர்த்தன. தைமஸ் தந்த இனத்தின் தோலை மட்டும் தம்முடையதுபோல் ஏற்றுக்கொண்டன. எதை எதிர்ப்பது என்பதோடு எதை விட்டுவிடுவது என்பதையும் அதே சுரப்பி தீர்மானிக்கிறது என்று இந்தச் சோதனை அப்போதே சொல்லிவிட்டது. அதைக் காதில் வாங்க எங்கள் தொழிலுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

பாதிப் பாடத்தைப் படித்தவர்கள் செய்யக்கூடியதைத்தான் அறுவை நிபுணர்கள் செய்தார்கள். 1960களில் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸலின் குழு சிறுநீரக மாற்று பெற்ற சிலருக்குத் தைமஸை எடுத்துப் பார்த்தது. நம்பும்படியான பலன் எதுவும் இல்லை. வளர்ந்தவரின் உடலில் பல ஆண்டுகள் வாழக்கூடிய டி செல்கள் ஏற்கெனவே நிறைந்து கிடக்கின்றன. உற்பத்திக்கூடத்தை இன்று மூடுவதால் நேற்று வெளியேறியவை திரும்பி வரப்போவதில்லை. வளர்ந்த எலியில் தைமஸை எடுத்தால் உடனடியாகப் பெரிதாக எதுவும் நடப்பதில்லை, கதிர்வீச்சால் லிம்போசைட்டுகளை அழித்த பிறகுதான் அதன் இல்லாமை தெரியவருகிறது என்று மில்லரே 1962இல் காட்டியிருந்தார். ஆனாலும் டென்வர் முடிவு தொழிலின் நினைவில் வேறு விதமாகப் பதிந்தது: மாற்று உறுப்பு விஷயத்தில் தைமஸால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. தவறான கேள்விக்குக் கிடைத்த சரியான பதிலை ஒரு கொள்கையாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுரப்பிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் விலகும். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடி செல்கள் தைமஸின் புறப்பகுதியில் பெருகி, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஏற்பியைக் குருட்டுவாக்கில் அமைத்துக்கொள்கின்றன. உடலின் செல்களுக்கு அடையாளமான எச்.எல்.ஏ. மூலக்கூறுகளைச் சிறிதும் உணராதவை அங்கேயே மடிகின்றன. உணர்ந்தவை உள்பகுதிக்கு நகர்கின்றன. அங்கே தன் உடலின் புரதங்களை மிக இறுக்கமாகப் பற்றுகிறவை அழிக்கப்படுகின்றன. உள்ளே வளர்பவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெளியேறுவதே இல்லை. இந்தக் களையெடுப்பு வெறும் ஊகம் இல்லை என்பதை 1987இல் ஜான் கேப்லர், பிலிப்பா மாராக் இருவரின் ஆய்வகம் எலிகளில் நேரடியாகக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், கணையத்தில் மட்டும் இருக்க வேண்டிய இன்சுலினும், தைராய்டின் புரதங்களும், இன்னும் எத்தனையோ உறுப்புகளின் அடையாளங்களும் தைமஸின் உள்பகுதிச் செல்களில் சிறிதளவு உருவாகின்றன. அந்த இன்சுலின் எந்தச் சர்க்கரையையும் குறைப்பதற்காக அங்கே இல்லை, காட்டிக்கொள்வதற்காக இருக்கிறது. இதை நடத்துகிற ‘ஏய்ர்’ என்ற மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு ஒரு சுரப்பி மாற்றி ஒரு சுரப்பியைச் சொந்த உடலே தாக்குகிறது. அந்த மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது, அதன் வேலை 2002இல் எலிகளில் விளங்கியது. இதோடு மாற்று உறுப்பை வைத்துப் பார்த்தால் நிராகரிப்பின் வேர் எளிமையாகத் தெரிகிறது. தைமஸ் எதையும் தவறாகச் செய்யவில்லை. உறுப்பு தந்தவரின் எச்.எல்.ஏ. அந்தச் சுரப்பிக்குள் ஒருநாளும் காட்டப்படவில்லை. காட்டப்படாததைத் தாக்கும் செல்கள் களையப்படுவதில்லை. நம் டி செல்களில் சில விழுக்காடு, ஒரு வைரஸை அடையாளம் காண்பவற்றைவிடப் பல மடங்கு அதிகமானவை, அந்நிய எச்.எல்.ஏ.வைப் பார்த்ததும் கிளம்புவதற்குக் காரணம் இதுதான்.

களையெடுப்போடு கதை முடிந்திருந்தால் என் வாதம் இன்னும் எளிதாக இருந்திருக்கும். 1969இல் ஜப்பானின் நிஷிஸுகாவும் சகாகுராவும் எலிக்குட்டிகளின் தைமஸைப் பிறந்த மூன்றாம் நாளில் எடுத்தார்கள். பிறந்தவுடன் எடுத்திருந்தால் எதிர்ப்பு சக்தி அற்றுப்போயிருக்கும்; மூன்று நாள் தாமதித்ததில் வேறொன்று நடந்தது. குட்டிகளின் சூலகங்கள் அழிந்தன. தாக்கும் செல்கள் முதலில் வெளியேறிவிடுகின்றன, அவற்றை அடக்குகிறவை சற்றுப் பிந்தி வருகின்றன, இடையில் கதவை அடைத்தால் உடல் தன்னையே தின்னும் என்ற விளக்கம் பின்னால் வந்தது. ஷிமோன் சகாகுச்சி அந்த அடக்கும் செல்களைத் துரத்தி 1995இல் சிடி25 என்ற அடையாளத்தோடு பிடித்தார். ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு அவற்றை ஆள்கிறது என்பதும் தெளிவானது. இந்த வரிசைக்காக சகாகுச்சிக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் கிடைத்தது. பரிசு ‘புறவெளிச் சகிப்பு’ பற்றிய கண்டுபிடிப்புகளுக்கு என்று அறிவிக்கப்பட்டதால், சகிப்பு தைமஸுக்கு வெளியே நடக்கிற காரியம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அடக்கும் செல்கள் வெளியில் வேலை செய்கின்றன என்பது சரி. அவற்றில் பெரும்பங்கு தைமஸில் உருவானவை என்பதை அந்த மூன்றாம் நாள் சோதனையே சொல்கிறது.

மாற்று உறுப்புக்கே நேரடியான சான்று பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டேவிட் சாக்ஸின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே பல தலைமுறைகள் உள்ளினப் பெருக்கத்தில் வளர்த்த சிறுவகைப் பன்றிகள் உண்டு. எந்தப் பன்றிக்கும் எந்தப் பன்றிக்கும் எந்த அடையாள மூலக்கூறு ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்பது கணக்காகத் தெரியும். முதல் வகை எச்.எல்.ஏ.க்கு இணையானவை மட்டும் வேறுபட்ட ஒரு பன்றியின் சிறுநீரகத்தை வைத்து 12 நாள் சைக்ளோஸ்போரின் கொடுத்து நிறுத்திவிட்டால், அந்தச் சிறுநீரகம் அதன் பிறகு மருந்தே இல்லாமல் நிலைத்தது. 1997இல் கசுஹிகோ யமடாவும் மற்றவர்களும் வெளியிட்ட சோதனையில், மாற்றுக்கு 21 நாள் முன்பாகத் தைமஸை எடுத்துவிட்டார்கள். அதே வேறுபாடு, அதே 12 நாள் மருந்து. இம்முறை கடுமையான நிராகரிப்பு. சகிப்பு உருவாவதற்குத் தைமஸ் தேவைப்படுகிறது என்பதற்கு, மனிதனுக்கு நெருக்கமான உடலளவு கொண்ட ஒரு விலங்கில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. மாற்று நடந்த முதல் சில வாரங்களில், இன்னும் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, தைமஸ் ஏதோ ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த முதல் வாரங்களில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது இங்கே சங்கடமான கேள்வி. ரத்தக் குழாய் இணைப்பைத் திறந்து சிறுநீரகம் சிவக்கும் முன்பே 500 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன் ஏறியிருக்கும். ஸ்டீராய்டு தைமஸைச் சுருக்கும் என்பது மருத்துவ மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் படிப்பது. புறப்பகுதியில் பெருகும் இளஞ்செல்கள் அதற்குக் கொத்துக்கொத்தாக மடியும். அடுத்து சைக்ளோஸ்போரின் குடும்பத்து மருந்து. எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, அவற்றின் சொந்த இனத்து மஜ்ஜையையே ஏற்றி, சைக்ளோஸ்போரின் கொடுத்து நிறுத்தினால், அந்நியம் என்று எதுவும் உடலில் இல்லாமலே உடல் தன்னைத் தாக்குகிறது என்று 1980களின் தொடக்கத்திலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பார்த்தார்கள். தைமஸின் உள்பகுதியில் களையெடுப்பு குலைந்து, வெளியேறக் கூடாதவை வெளியேறியதுதான் காரணம். அதாவது, நிராகரிப்பைத் தடுக்க நாங்கள் கொடுக்கும் இரண்டு முதன்மை மருந்துகளும், நிராகரிப்பை நிரந்தரமாகத் தீர்த்துவைக்கக்கூடிய ஒரே உறுப்பை அந்த நேரத்தில் முடக்குகின்றன. மருந்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும். ஆனால் வாழ்நாள் மருந்து தவிர வேறு வழியில்லை என்று நாங்கள் சொல்லும்போது, அந்த நிலையில் ஒரு பங்கு எங்கள் மருந்துச் சீட்டே உண்டாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடையாளத்தைத் தைமஸுக்குள் கொண்டுபோவதற்கு மூன்று வழிகளை முயன்றிருக்கிறார்கள். ஒன்று, நேரே ஊசிபோடுவது. 1990இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அலி நாஜியின் குழு நீரிழிவு எலிகளின் தைமஸுக்குள்ளேயே வேறு இனத்தின் கணையத் தீவுச் செல்களை வைத்தது. லிம்போசைட்டுகளுக்கு எதிரான சீரம் ஒரே ஒரு முறை. செல்கள் நிலைத்தன. அதைவிட முக்கியம், பிறகு அதே இனத்துத் தீவுச் செல்களைச் சிறுநீரக உறையின் அடியில் வைத்தபோது அவையும் மருந்தின்றி நிலைத்தன. அந்தத் தெளிவு பெரிய விலங்குகளில் கிடைக்காததால் இந்த வழியில் உற்சாகம் வடிந்துவிட்டது. இரண்டாவது, உறுப்பு தருபவரின் எலும்பு மஜ்ஜையையும் கொடுப்பது. மஜ்ஜையிலிருந்து கிளம்பும் கிளைச் செல்கள் தாமாகவே தைமஸைத் தேடிப் போய் அங்கே குடியேறி, தம் எச்.எல்.ஏ.வைக் காட்டிக் களையெடுப்பை நடத்தும். 1953இல் பில்லிங்ஹாம், பிரென்ட், மெடவார் மூவரும் கருவிலிருக்கும் எலிகளுக்கு வேற்றினச் செல்களை ஏற்றி, பிறந்து வளர்ந்த பின் அதே இனத்தின் தோலை ஏற்கச் செய்தது இப்போது இப்படித்தான் புரிகிறது. அவர்களுக்கு முன் 1945இல் ரே ஓவன் கண்ட, நஞ்சுக்கொடி ரத்தத்தைப் பகிர்ந்துகொண்டு பிறந்த இரட்டைக் கன்றுகளும் இதே இயற்கைச் சோதனைதான். மனிதர்களில் இதைத் துணிந்து செய்தது மறுபடியும் பாஸ்டன் குழு. எச்.எல்.ஏ.வில் பாதி பொருந்தாத நெருங்கிய உறவினரின் சிறுநீரகமும் மஜ்ஜையும் சேர்த்துப் பெற்ற 5 பேரின் விவரத்தை 2008இல் வெளியிட்டார்கள். முன் தயாரிப்பில் தைமஸ் இருக்கும் இடத்துக்கெனத் தனிக் கதிர்வீச்சும் இருந்தது. அங்கேயுள்ள பழைய செல்களைக் காலிசெய்து புதியவற்றுக்கு இடம் விடத்தான் அது. ஒருவர் ஆன்டிபாடி நிராகரிப்பில் சிறுநீரகத்தை இழந்தார். நால்வர் மருந்தை முழுவதுமாக நிறுத்தினார்கள்.

இந்த முடிவையே என் வாதத்துக்கு எதிராகத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. அந்த நால்வரின் ரத்தத்திலும் கொடையாளரின் மஜ்ஜைச் செல்கள் சில வாரங்களில் மறைந்துவிட்டன. காட்டிக்கொள்ள ஆளே இல்லாதபோது தைமஸில் களையெடுப்பு எப்படித் தொடர்ந்திருக்கும்? சகிப்பு வேறெங்கோ, சிறுநீரகத்துக்குள்ளேயோ கணுக்களிலோ, அடக்கும் செல்களால் நிலைத்தது என்பதே பொருத்தமான விளக்கம் என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடவே இதையும் பார்க்க வேண்டும்: அப்படி மருந்தை நிறுத்தியவர்களில் சிலர் பிற்காலத்தில் மறுபடியும் மருந்துக்கு வந்தார்கள். எலியில் கொடையாளரின் செல்கள் வாழ்நாள் முழுவதும் கலந்தே இருக்கும்போது கிடைக்கிற உறுதி இங்கே கிடைக்கவில்லை. அடக்கும் செல்கள் சமநிலையைக் காக்கின்றன; ஒரு தொற்று, ஒரு வீக்கம் அந்தச் சமநிலையைக் கவிழ்க்கலாம். தாக்கக்கூடிய செல்லே உருவாகாமல் போய்விட்டால் கவிழ்வதற்கு எதுவும் இருக்காது. புறவெளிச் சகிப்பு சாத்தியம் என்பதை நான் மறுக்கவில்லை. அதை மட்டும் நம்பி ஒரு நாற்பது வயதுக்காரருக்கு அடுத்த முப்பது ஆண்டை உறுதிசொல்ல முடியாது.

கல்லீரலை என்ன சொல்வது? கவனமாகத் தேர்ந்தெடுத்த கல்லீரல் மாற்று நோயாளிகளில் ஒரு பகுதியினர், மஜ்ஜையும் வேண்டாம் தைமஸும் வேண்டாம் என்பதுபோல், ஆண்டுகள் கழித்து மருந்தை விட்டுவிட்டு நலமாக இருக்கிறார்கள். 1969இலேயே கேம்பிரிட்ஜில் ராய் கான் பன்றிகளில் மாற்றுக் கல்லீரல் மருந்தின்றி நிலைப்பதைக் காட்டினார். அகமதாபாத்தில் எச்.எல். திரிவேதி கொடையாளரின் மஜ்ஜைச் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை வழியாகச் செலுத்தியதற்கும் இந்த நம்பிக்கைதான் அடிப்படை. கல்லீரலை என் வாதத்துக்கு வெளியே விட்டுவிடுகிறேன். அதன் பருமனும் ரத்த ஓட்டமும் தனி. மாற்று நடந்து ஆண்டுகள் கூடக் கூடச் சகிப்பின் வாய்ப்பும் கூடுகிறது என்பதால், தாக்கும் செல்கள் அங்கே ஓய்ந்து தேய்ந்துபோகின்றன என்று கொள்ளலாம். சிறுநீரகமும் இதயமும் அப்படிப்பட்ட உறுப்புகள் இல்லை. இதயத்தைப் பொறுத்தவரை கைக்குழந்தைகள் மட்டும் விதிவிலக்குக்கு அருகில் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் தைமஸும் பெரிதாக இருக்கிறது.

பெரியவர்களின் தைமஸ் வெறும் கொழுப்புதானே என்பது நான் அதிகம் கேட்கிற மறுப்பு. நெஞ்செலும்பை நடுவே பிளந்து விரித்தால் உண்மை கண்ணுக்குத் தெரியும். கைக்குழந்தையில் இதய உறையின் மேற்பாதியை மூடிக்கொண்டு, இரண்டு மடலாக, இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து ததும்பும் சதை. அதன் கொம்புகள் கழுத்து நோக்கி ஏறும். பின்புறத்திலிருந்து சிறு சிரைகள் இடது இன்னாமினேட் சிரையில் இறங்கும். அறுபது வயதுக்காரரில் அதே இடத்தில் மஞ்சள் கொழுப்பு, கொழுப்புக்குள் எங்கே சுரப்பி முடிகிறது என்று விரலால் உணர்வதே கடினம். கண்ணால் பார்த்ததை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியவர்களுக்கு 2023இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு அதிர்ச்சிதான். நெஞ்சு அறுவையில் தைமஸை இழந்த பெரியவர்களையும், அதே போன்ற அறுவையில் அதை இழக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.1 விழுக்காடு, இரண்டாவதில் 2.8. புற்றுநோயும் முதல் குழுவில் ஏறக்குறைய இரு மடங்கு. புதிய டி செல்கள் வெளியேறுவதும் குறைந்திருந்தது. இது பின்னோக்கிப் பார்த்த ஒப்பீடு, தைமஸை எடுக்கவைத்த காரணமே இறப்பையும் கூட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தை முழுவதும் தள்ள முடியாது. ஆனாலும் பெரியவரின் தைமஸ் செத்த உறுப்பு என்று சாதிப்பது இனி எளிதாக இருக்காது.

என்னை உண்மையாகத் தடுமாறவைக்கும் மறுப்பு நினைவுச் செல்களைப் பற்றியது. சோதனை எலி சுத்தமான கூண்டில் வளர்கிறது. நம் நோயாளி நாற்பது ஆண்டு அம்மையையும் காய்ச்சலையும் தாண்டி வந்தவர். அவற்றுக்காக உருவான நினைவுச் செல்களில் சில, தற்செயலாக, அந்நிய எச்.எல்.ஏ.வையும் பற்றும். அவை தைமஸை விட்டு எப்போதோ வெளியேறியவை, திரும்பி அதற்குள் போகப்போவதில்லை, மருந்துக்கும் எளிதில் மசிவதில்லை. ஊற்றைச் சரிசெய்தாலும் இவை மிஞ்சும். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் இந்த மறுப்பைச் சற்றுத் தள்ளிப் பார்த்தால் தைமஸின் தேவை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. ஏ.டி.ஜி. போன்ற மருந்தால் டி செல்களைத் துடைத்தெடுக்கும்போது நினைவுச் செல்கள்தான் அதிகம் தப்புகின்றன. காலியான இடத்தை உடல் இரண்டு விதமாக நிரப்பும்: தப்பியவை பெருகி நிரப்பும், அல்லது தைமஸிலிருந்து புதியவை வந்து நிரப்பும். சுரப்பி சுருங்கியிருந்தால் முதல் வழிதான் நடக்கும், அதுவும் நாம் விரும்பாத செல்களை வைத்து. சுரப்பி உயிரோடு இருந்தால்தான் துடைத்தெடுப்பதற்கே ஓர் அர்த்தம் உண்டு.

மூன்றாவது வழி இதைப் புரிந்துகொண்டு செய்தது: சுரப்பியையே உறுப்போடு கொடுப்பது. பன்றியின் தைமஸைத் துண்டுகளாக்கி அதே பன்றியின் சிறுநீரக உறையின் அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். சில வாரங்களில் ரத்தக் குழாய்கள் ஊடுருவி அது சிறுநீரகத்தின் அங்கமாகிவிடும். பிறகு இரண்டையும் ஒன்றாக மாற்றலாம். யமடாவும் சாக்ஸும் இப்படி ஆல்ஃபா-கால் சர்க்கரையை நீக்கிய பன்றிகளின் சிறுநீரகத்தை பபூன்களுக்கு வைத்தபோது 83 நாள் வரை வேலை செய்தது. அதை 2005இல் வெளியிட்டார்கள். நியூயார்க்கில் ராபர்ட் மான்ட்கோமரி அதே வகை உறுப்பை 2023இல் மூளைச்சாவு அடைந்த ஒருவருக்கு வைத்து 61 நாள் கவனித்தார். 2024 ஏப்ரலில் உயிரோடிருக்கும் நோயாளி ஒருவருக்கு வைத்த சிறுநீரகத்தை 47 நாளில் எடுக்க வேண்டியதாயிற்று. ரத்த ஓட்டம் போதாமல்போனதே காரணம், நிராகரிப்பு இல்லை. பத்திரிகைகள் இவற்றைப் பன்றியின் கதையாக எழுதின. எனக்கு அந்த உறையின் அடியில் இருந்த துண்டுகள்தான் செய்தி. அவை பயன்பட்டனவா என்பதை இந்த நாட்கணக்கு தீர்மானிக்காது. புதிய தைமஸிலிருந்து செல்கள் வெளிவருவதற்கு மாதங்கள் ஆகும்.

எவ்வளவு மாதம் என்பதற்கு மனிதர்களிலேயே விடை இருக்கிறது. தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்க்கெர்ட் வேறொரு குழந்தையின் தைமஸைப் பொருத்தினார். இதய அறுவையின்போது வழியை மறைக்கிறது என்று வெட்டியெடுக்கப்பட்ட, வழக்கமாகக் குப்பைக்குப் போகும் தைமஸ்தான் அது. அதை மெல்லிய சீவல்களாக்கி, இரண்டு மூன்று வாரம் வளர்ப்புக் கூடத்தில் வைத்தால், தந்த குழந்தையின் லிம்போசைட்டுகள் கழன்றுபோய்ச் சட்டகச் செல்கள் மிஞ்சும். அந்தச் சீவல்களைத் தொடைத் தசையின் இழைகளுக்கிடையில் செருகித் தைப்பார்கள். எச்.எல்.ஏ. பொருத்தம் பார்ப்பதில்லை. குழந்தையின் சொந்த மஜ்ஜைச் செல்கள் தொடைக்குப் போய், அந்நியச் சட்டகத்துக்கிடையில் வளர்ந்து, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் வேலை செய்யும் டி செல்களாக வெளிவருகின்றன. தம்மை வளர்த்த அந்நியச் சட்டகத்தை அவை நிராகரிப்பதில்லை. மில்லரின் எலியில் நடந்தது இங்கே மனிதக் குழந்தையில் நடக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டியூக்கில் ஒரு கைக்குழந்தைக்கு இதயத்தையும், இதயம் தந்த அதே குழந்தையின் தைமஸையும் கொடுத்தார்கள். புதிய டி செல்கள் அந்த இதயத்தின் எச்.எல்.ஏ.வைப் பார்த்தே வளரட்டும் என்பதுதான் எண்ணம்.

இதில் எங்கள் தொழிலுக்கு உடனடியாகச் செய்ய ஒன்று இருக்கிறது, அதற்குப் பணமும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம். பிறவி இதயக் குறைக்கு அறுவை செய்யும்போது தைமஸை எடுப்பது இன்றும் பழக்கமாகவே நடக்கிறது. பாதி எடுத்தார்களா, முழுவதும் எடுத்தார்களா என்று ஆபரேஷன் நோட்ஸில் பல இடங்களில் ஒரு வார்த்தை இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் நிச்சயம் இருக்காது. அந்தக் குழந்தைகளில் சிலர்தான் பத்து, பதினைந்து ஆண்டு கழித்து மாற்று இதயத்துக்கு வந்து நிற்பவர்கள். ஒரு மடலையாவது விட்டுவைக்கலாம். எடுத்தால் எவ்வளவு என்று எழுதிவைக்கலாம். பெரிய அளவில் செய்ய வேண்டியது கடினமானது, அதன் முடிச்சு நேரத்தில் இருக்கிறது. உடலிலிருந்து எடுத்த இதயம் பனியில் நான்கு மணி நேரமே தாங்கும். அதே கொடையாளரின் தைமஸ் வளர்ப்புக் கூடத்திலிருந்து வெளிவர இரண்டு மூன்று வாரம் வேண்டும். எனவே இதயம் முதலில் போகும், சுரப்பி பின்னால் போகும். சுரப்பி தன் முதல் செல்களை அனுப்பும்வரை உள்ள மாதங்களுக்கு, அந்தச் சுரப்பியையே சுருக்கக்கூடிய மருந்துகளைக் கொடுத்துத்தான் இதயத்தைக் காப்பாற்ற வேண்டும். எந்த மருந்தை, எந்த அளவில் கொடுத்தால் இதயமும் தாங்கும், தொடையில் வைத்த சீவல்களும் பிழைக்கும் என்பதுதான் இப்போது தீர்க்க வேண்டிய கணக்கு.